கன்னியாகுமரியில் மேகமூட்டமாக இருந்தால் சூரிய உதயத்தைப் படமெடுக்கப் போவது வீணா?

வீணே இல்லை. துளி மேகம்கூட இல்லாத விடியலைவிட, அடிவானத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே மேகம் படர்ந்த வானம்தான் எனக்குப் பிடிக்கும். அந்த இடைவெளி வழியாக வரும் ஒளி மேகத்தின் அடிவயிற்றைச் சிவக்க வைக்கும்.

ஆனால் நேரம் மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுவதால், நல்ல வெளிச்சமுள்ள வைகறை 20 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இருட்டிலேயே போய் டிரைபாட் போட்டுவிடுங்கள்.

வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும். கேமராவை மேனுவலில் (வெளிச்ச அளவை நாமே அமைக்கும் முறை) வைத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலது ஓரம், அதாவது வெளிச்சப் பக்கம், வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. இருண்ட பாறையை ஓரளவு மீட்கலாம். 133 அடி வள்ளுவர் சிலை நிழலுருவாக இருந்தாலே கம்பீரம்.

ஷட்டரை அரை நொடிக்கு வைத்து, அலை பாறையில் மோதும்போது அல்ல, வழிந்து திரும்பும்போது அழுத்துங்கள். வெள்ளைக் கோடுகள் தெளிவாக விழும். உப்புத் தூறல் லென்ஸில் படியும், அடிக்கடி பாருங்கள். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் கீறல் விழும், ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.

மழை வந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். விட்டதும் பாறைகள் பளபளக்கும், தூசி அடங்கித் தொலைவு துலங்கும். இடி மின்னல் என்றால் மட்டும் யோசிக்காமல் கரையேறிவிடுங்கள்.