புறநானூற்றுப் பெண் என்ன சாப்பிட்டாள்?

கேள்வி: சங்க காலத்தில் பெண்கள் ரொம்ப உயர்வான நிலையில் இருந்தார்கள், இலக்கியத்தைப் படித்தாலே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி, மேடையில் யாரும் சொல்லாத பாட்டுகளில் இருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதியமானின் தூதராகப் போன ஔவையார், அவனுடைய பகைவன் தொண்டைமானின் ஆயுதசாலைக்குள் நின்றுகொண்டு, உன் வேலெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் தடவி அழகாக இருக்கிறது, எங்கள் அதியமான் வேல்தான் பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று பாடுகிறார் (புறம் 95). பாராட்டுவது போலப் பேசியே மானத்தை வாங்குகிறார். வெள்ளிவீதியார் தன் அழகு யாருக்கும் ஆகாமல் வீணாவதை, கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிப்போன பசும்பாலோடு ஒப்பிடுகிறார் (குறுந்தொகை 27). ஆசையைப் பெண்ணே இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருப்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான். சரி.

இப்போது மற்ற பாதி. எட்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கியதே புறநானூற்றுத் தாய்மார்களை வைத்துத்தான். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று பொன்முடியாரில் (312) ஆரம்பித்து, குரலை ஏற்றி ஒக்கூர் மாசாத்தியாரின் 279இல் முடித்தால் கைதட்டல் நிச்சயம். அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும்: முன்பு நடந்த போரில் இவளுடைய அண்ணன் (அப்பா என்று சொல்கிறவர்களும் உண்டு) யானையைக் கொன்று தானும் விழுந்தான், நேற்றைய போரில் கணவன் போனான், இன்றும் பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளைத் துணி உடுத்தி, பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, போ என்று அனுப்புகிறாள்.

நேற்று கணவன் இறந்தான். "நெருநல்" என்று பாட்டிலேயே இருக்கிறது. அத்தனை தடவை மேடையில் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை: அப்படியானால் அன்றைக்கு அவள் கைம்பெண் ஆகி ஒருநாள்தானே? அவள் தலைக்கு எண்ணெய் உண்டா? அவள் அன்று என்ன சாப்பிட்டிருப்பாள்?

இதற்குப் பதில் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது, சில பாட்டுகள் முன்னால். 246ஆம் பாட்டு. பாடியவர் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் சிதையில் ஏறப் போகிறவரைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள், அவர் கோபமாக, "பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே" என்று திட்டிவிட்டுப் பேசுகிறார். கற்புக்கு உதாரணமாக இதைக் காட்டுவார்கள். எனக்கு என்னவோ, பாட்டை வரிசையாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கணவனைப் பற்றிய பேச்சு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் அவர் சொல்வதெல்லாம் சாப்பாடு. பிழிந்தெடுத்த நீர்ச்சோற்று உருண்டை, எள் அரைத்த விழுது, புளி ஊற்றி வேகவைத்த வேளைக்கீரை, இதைத் தின்றுவிட்டுப் பரற்கல்லின் மேல் பாயில்லாமல் படுக்கும் பெண்களில் ஒருத்தி நான் இல்லை, அந்தச் சிதை உங்களுக்குக் கொடியதாக இருக்கட்டும், எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான்.

இதில் நெய் வருகிற இடத்தைப் பாருங்கள். அணிலின் முதுகு போல வரியோடிய வெள்ளரிக்காயை அரிந்தால் உள்ளே இருக்கும் விதை போல வெளுத்த, மணக்கிற நெய் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, "தீண்டாது" என்று முடிக்கிறார். அந்தச் சாப்பாட்டிலேயே ஆசையாக வர்ணிக்கப்படுவது, அதில் சேர்க்கக் கூடாத ஒன்று! பட்டத்து அரசிக்கே நாளையிலிருந்து இதுதான் இலையில் விழும் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அன்பு இல்லாமல் போனார் என்று நான் சொல்லவில்லை. பூதப்பாண்டியன் பாடிய 71ஆம் பாட்டில், பகைவரை வெல்லாவிட்டால் இந்தப் பெரிய கண்ணுடையவளைப் பிரிந்தவன் ஆவேன் என்றுதான் சூளுரைக்கிறான், அந்த அளவுக்கு அன்பு. ஆனால் அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டுதான், அதில் எது கொடுமை என்று அவரே எடைபோட்டுச் சொல்கிறார். இதைத் தியாகம் என்று மட்டும் படித்தால் அந்தக் கீரையும் எள்ளும் எதற்கு?

இது ஒற்றைப் பாட்டும் இல்லை. 250இல் தாயங்கண்ணியார், விருந்து மணத்த பெரிய வீட்டில் கூந்தல் கொய்து வளை கழற்றி அல்லியரிசி (ஆம்பல் விதையிலிருந்து எடுக்கும் அரிசி) உண்ணும் மனைவியைக் காட்டுகிறார். 248 ஐந்தே வரி: சின்ன வயதில் எனக்குத் தழையாடை ஆன ஆம்பல், இப்போது கணவன் இறந்தபின் வேளை தப்பி உண்ணும் புல்லரிசி ஆகிவிட்டதே என்கிறாள் ஒருத்தி. இதைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். வீரத்தாயைப் பாடியவரும் ஒக்கூர், கைம்பெண்ணைப் பாடியவரும் ஒக்கூர். நாம் மேடைக்கு ஒருவரை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனோம்.

248இல் வரும் "பொழுது மறுத்து" என்ற அந்தத் தொடரைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் அத்தை ஞாபகம்தான் வந்தது. இருபது வயதுக்குள் கணவரை இழந்தவர். ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது திண்ணைக்குப் போய்விடுவார், சோறு தொடமாட்டார். ஏன் பாட்டி என்று கேட்டால், "பழகிப்போச்சுடி" என்பார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும், புறநானூறு என்ற பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இன்னொரு கூத்து. கல்லூரியில் இதையெல்லாம் வைத்து மன்ற விழாவுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு 'சங்ககாலப் பெண்களின் பெருமை'. பொறுப்பாசிரியர் 246 பற்றிய பத்தியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது வேண்டாம்மா, விழா நேரம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நல்லாவே பாடம் நடத்துவார். நானும் எதிர்த்துப் பேசாமல் அந்தப் பத்தி இல்லாமலேயே வாசித்தேன், வழக்கம்போலக் கைதட்டினார்கள்.

நீங்களே படித்துப் பார்க்க நினைத்தால் 246, 248, 250 மூன்றுக்கும் பழைய உரை இருக்கிறது (அந்த உரை 266ஆம் பாட்டு வரைக்கும்தான் கிடைத்திருக்கிறது), பாட்டு புரியாவிட்டால் உரையோடு மெதுவாகப் போங்கள். அதையெல்லாம் முடித்துவிட்டு அப்புறம் 279ஐ எடுங்கள், மகன் தலையில் எண்ணெய் தடவுகிற வரி வரும்போது கொஞ்சம் நில்லுங்கள்.