உப்பில்லாத 42 ஆண்டுகள்

கேள்வி: சைபீரியக் காட்டுக்குள் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வெளியுலகமே அறியாமல் வாழ்ந்ததாக நண்பர் சொன்னார். நகரத்து இரைச்சலில் சலித்துப்போயிருக்கும் எனக்கு அதைக் கேட்டதும் ஏக்கமாகிவிட்டது. அப்படி வாழ்வது உண்மையிலேயே முடியுமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த லிகோவ் குடும்பத்தார் காட்டுக்குள் போனது சலிப்பினால் அல்ல, உயிருக்கு அஞ்சி. ரஷ்யத் திருச்சபை 17-ஆம் நூற்றாண்டில் வழிபாட்டு முறைகளைத் திருத்தியபோது, சிலுவைக் குறியை மூன்று விரல்களால் இடமாட்டோம், இரண்டு விரல்களால்தான் இடுவோம் என்று பிடிவாதமாக நின்ற ‘பழைய நம்பிக்கையாளர்’ மரபில் வந்தவர் கார்ப் லிகோவ். 1936-இல் அவருடைய சகோதரரைப் போல்ஷெவிக் (கம்யூனிஸ்ட்) ரோந்துப் படையினர் அவர் கண்ணெதிரே சுட்டுக் கொன்றதும், மனைவி அகுலினாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, விதைகளையும் நூற்கும் இராட்டையையும் சுமந்தபடி மலைக்காட்டுக்குள் போய்விட்டார். பிறகு காட்டிலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1978-இல் நிலவியல் குழுவினரின் ஹெலிகாப்டர் இறங்க இடம் தேடியபோது, மலைச்சரிவில் உழுத வரப்புகள் தென்பட்டதால்தான் இந்தக் குடும்பம் வெளியே தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர்களிடம் எது எப்போது தீர்ந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். கொண்டுபோன இரும்புக் கெண்டிகள் துருப்பிடித்து ஓட்டையானபின் பிர்ச் மரப்பட்டையில் பாத்திரம் செய்துகொண்டார்கள். ஆனால் மரப்பட்டையை அடுப்பில் ஏற்ற முடியாதே! உருளைக்கிழங்கோடு கோதுமைபோன்ற ரை தானியத்தையும் சணல் விதையையும் இடித்துக் கலந்ததுதான் அன்றாட உணவு. துப்பாக்கியோ வில்லோ இல்லாததால், மகன்களில் இளையவனான திமித்ரி வளர்ந்தபின் குழி வெட்டியும், விலங்கு ஓடிக் களைத்து விழும்வரை விரட்டியும்தான் இறைச்சி கிடைத்தது. 1961 ஜூன் மாதத்தில் பெய்த பனியில் தோட்டம் அழிந்தது. தோலையும் மரப்பட்டையையும் தின்ற அந்தப் பஞ்சத்தில், பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துத் தான் பட்டினி கிடந்த அகுலினா இறந்தார். பட்டாணிப் பாத்தியில் தற்செயலாக முளைத்த ஒரே ஒரு ரைப் பயிரைச் சுற்றி வேலி கட்டி, எலிக்கும் அணிலுக்கும் கொடுக்காமல் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அதில் விளைந்த 18 மணிகளிலிருந்துதான் அவர்களுடைய சாகுபடி மறுபடி தொடங்கியது.

நிலவியல் குழுவினர் கொண்டுவந்த பொருள்களில் முதலில் அவர்கள் ஏற்றுக்கொண்டது உப்பு மட்டுமே. உப்பில்லாமல் கழித்த நாள்களைப் பெரும் வதையென்றே கார்ப் சொன்னார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதை நாற்பது ஆண்டுகள் தின்றவர் அவர்.

ஆகவே முடியுமா என்றால், முடியும். விதை, ஊசி, கோடரி என்று ஊர் செய்து கொடுத்தவை கையில் இருக்கும்வரை. உங்கள் ஏக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நீங்கள் தேடுவது ஒரு வார விடுப்பாக இருக்கலாம்.

கேள்வி: அந்தக் குடும்பத்தார் பிறகு ஊருக்குத் திரும்பினார்களா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: இல்லை. பிள்ளைகளில் மூவர் 1981-இன் பிற்பகுதியில் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டரை வரவழைக்கிறோம் என்று சொன்னபோதும் திமித்ரி சம்மதிக்கவில்லை. 1988-இல் தந்தையும் போனபின், கடைசி மகள் ஆகாஃபியா மட்டும் மிஞ்சினார். உறவினர் அழைத்தும் அவர் ஊரோடு தங்கவில்லை. வெளியூர்க் காற்றும் தண்ணீரும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1990-இல் தம் மரபைச் சேர்ந்த கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்து பார்த்தார். உடல்நலமும் இடங்கொடுக்கவில்லை, அங்கிருந்தவர்களின் வழிபாட்டு முறையும் அவருக்குச் சரியாகப் படவில்லை. சில மாதங்களில் மலைக்கே திரும்பிவிட்டார். 1997 முதல் 2015 வரை, பழைய நிலவியல் குழுவைச் சேர்ந்த, ஒரு காலை இழந்த முதியவர் ஒருவர் அவருடைய குடிசைக்குச் சற்றுக் கீழே அண்டைவீட்டுக்காரராக வாழ்ந்தார்.