சட்டைப் பைக்கு ஒரு திசைகாட்டி

கேள்வி: டிசம்பரில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா மலையேற்றம் போகிறேன். மற்ற மாதங்களில் கொடைக்கானல், மேகமலைப் பக்கம் நடப்பேன். எடை கூடாத சின்ன காம்பஸ் ஒன்று வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் பொத்தான் அளவு காம்பஸ் போதுமா? போனிலேயே இருக்கிறதே, தனியாக வாங்கத்தான் வேண்டுமா?
– கோவை வாசகர்

பதில்: கட்டாயம் வாங்குங்கள். பனிக்குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ஊசிக்குச் சார்ஜ் தேவையில்லை.

பொத்தான் காம்பஸ் சில கிராம்தான். ஆனால் வடக்கு எந்தப் பக்கம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். திசையில் 10 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் சுமார் 175 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள். மூடுபனியில் அது சின்ன தூரம் இல்லை. அதனால் அதை உபரியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தட்டின் மேல் அமைந்த பேஸ்பிளேட் காம்பஸ். 30, 40 கிராம் எடையில் கிடைக்கிறது. வரைபடத்தின் மேல் வைத்துத் திசை எடுக்கலாம், ஓரத்தில் அளவுகோலும் இருக்கும். 2 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட வளையம், திரவம் நிரப்பிய கூடு, கழுத்தில் மாட்டக் கயிறு இருந்தால் போதும். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த மூடி வைத்த மாடல் எடையும் விலையும் கூடுதல், உங்களுக்கு அவசியமில்லை.

இனி, கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விஷயம். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் கிடையாகப் போவதில்லை. வடக்கே போகப் போக ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். ஸ்வீடன், பின்லாந்தில் அந்தச் சாய்வு 70 டிகிரியைத் தாண்டும். அதைச் சரிக்கட்ட ஊசியின் தென்பக்கம் கொஞ்சம் எடை சேர்த்துச் செய்கிறார்கள். நம் பக்கமோ காந்தப்புலம் கிடையாகப் போகும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோடு அருகில் போவதால்தான். இங்கே அந்த இழுப்பு அநேகமாக இல்லை. எனவே ஐரோப்பாவுக்காகச் செய்த ஊசி இங்கே தெற்கே சாய்ந்து, அடித்தட்டில் உரசி நின்றுவிடலாம்.

அதனால் பெட்டியில் எந்த மண்டலத்துக்கானது என்று பாருங்கள். சில்வா நிறுவனம் எம்.என்., எம்.இ., எம்.எஸ். என்று குறிக்கிறது. எம்.என். வடபகுதிக்கு, எம்.எஸ். தென்பகுதிக்கு, எம்.இ. என்பது நடுக்கோட்டுப் பகுதிக்கு. உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கல். கொடைக்கானலில் சாய்வு மிகக் குறைவு, உத்தராகண்டில் 45 டிகிரிக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே கருவி வேண்டுமென்றால் எல்லா மண்டலத்திலும் வேலை செய்யும், சூன்டோ போன்ற நிறுவனங்களின் 'குளோபல்' ஊசி மாடலே சரி. விலை கூடத்தான், ஆனாலும் உங்கள் விஷயத்தில் அந்தக் காசு வீண் இல்லை.

கடையில் சமமாகப் பிடித்துத் தட்டை மெல்லச் சுற்றுங்கள். ஊசி உரசாமல் ஒரே பக்கம் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு சாவியை அருகே கொண்டுபோய் எடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பினால் நல்லது. மற்ற காம்பஸ்களோடு சேர்த்து வைத்துப் பார்க்காதீர்கள், ஒன்றையொன்று இழுக்கும். திரவத்தில் பெரிய குமிழி இருந்தால் வேண்டாம். இணையத்தில் வாங்கினால், வந்த அன்றே இதையெல்லாம் செய்துபாருங்கள், திருப்பி அனுப்ப நாள் இருக்கும்.

கேள்வி: இப்போது வைத்திருக்கும் காம்பஸில் வடக்கு, தெற்காகத் தெரிகிறது. போலியா?
– தேனி வாசகர்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. எனக்கும் இது நடந்தது. காந்த மூடி போட்ட போன் உறையோடு ஒரே பையில் ஒரு வாரம் வைத்திருந்தேன், ஊசியின் முனைகள் மாறிவிட்டன. காலையில் சூரியன் 'மேற்கில்' உதித்தபோதுதான் புரிந்தது. வலுவான காந்தத்தால் தேய்த்து மறுபடி திருப்பலாம் என்பார்கள். வீட்டில் வைத்துப் பழக அது போதும், மலைக்குப் புதிது வாங்குங்கள். புதியதை ஒரு பக்கப் பையிலும், போனையும் பவர் பேங்கையும் மறுபக்கப் பையிலும் வையுங்கள்.