சிறார் வழக்குகளில் அரசு வழக்கறிஞர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினாறு வயது மகனைத் திருட்டு வழக்கில் பிடித்திருக்கிறார்கள். நாளை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) வரச் சொல்கிறார்கள். அரசு உதவி வழக்கறிஞர் ஜாமீனை எதிர்த்தால் பையன் உள்ளேதான் இருக்க வேண்டுமா? — ஒரு தாய்

பதில்: இல்லை அம்மா. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, எந்தக் குற்றமானாலும் சிறாருக்கு ஜாமீன் தருவதுதான் விதி. மறுக்க மூன்றே காரணங்கள் உண்டு: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேருவான், அவன் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும். 'குற்றம் கடுமையானது' என்பது இந்த மூன்றில் இல்லை. அரசுத் தரப்பு அதையே சொல்லி எதிர்த்தால், மூன்றில் எது பொருந்துகிறது என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். மறுத்தால் குழுமம் காரணத்தை எழுதியாக வேண்டும்.

அரசு வழக்கறிஞர் பெரும்பாலும் சொல்வது முதல் காரணத்தைத்தான்: "அதே தெரு, அதே கூட்டாளிகள்." இதற்கு வாய்ப்பேச்சை விட ஏற்பாடுதான் பதில். சில மாதங்கள் வேறு ஊரில் மாமா வீட்டில் தங்குவான் என்றால், அந்த மாமாவே முகவரிச் சான்றோடு நேரில் வரட்டும். படிப்பைத் தொடர்வதற்குப் பள்ளியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். பையனின் குடும்பம், சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்குத் தருவார். குடி, கடன், சண்டை என்று வீட்டில் இருப்பதை அவரிடம் மறைக்காதீர்கள். பிறகு வேறு வழியில் தெரியவந்தால், நீங்கள் சொன்ன மற்றதும் நம்பிக்கை இழக்கும்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. மீறியிருந்தால் முதல் நாளே சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றித்தரக் குழுமத்தைக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

கேள்வி: பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்கிறது போலீஸ். ஆதாரைக் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. வயதுச் சான்றுக்கு 94-ஆவது பிரிவு சொல்லும் வரிசையில் ஆதார் இல்லை. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பள்ளியின் மாற்றுச் சான்றிதழை இந்தப் பிரிவின்படி ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பலரும் டி.சி.யைத்தான் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்; அரசுத் தரப்பு அதை எளிதாகத் தள்ளிவிடும். கணக்கில் வருவது சம்பவ நாளில் இருந்த வயது. இன்றைய வயது அல்ல.

கேள்வி: பதினேழு வயதுப் பையன் மீது கொடுங்குற்ற வழக்கு. பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்ய முடியுமா?

பதில்: அவர் வாதிடலாம், முடிவு குழுமத்துடையது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம், சம்பவ நாளில் 16 முடிந்து 18 முடியாத வயது — இரண்டும் சேர்ந்தால் மட்டுமே, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும் முதற்கட்ட மதிப்பீடு. மனத்திறன், உடல்திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சம்பவச் சூழல் ஆகியவற்றைத்தான் அதில் பார்ப்பார்கள்.

இங்கேதான் நிறைய வழக்குகள் தடம் மாறுகின்றன. சம்பவத்தின் கொடூரத்தையே அரசுத் தரப்பு விரித்துப் பேசும். பையன் செய்தானா இல்லையா என்ற விவாதத்துக்குப் பையன் தரப்பும் இழுபட்டுப் போகும். இந்த மதிப்பீடு விசாரணையே அல்ல என்று 15-ஆவது பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் உளவியலாளர் உதவி கட்டாயம் என்பது 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பள்ளிப் பதிவுகள், மருத்துவச் சீட்டுகள், கற்றல் குறைபாட்டுச் சான்று எதுவானாலும் இந்தக் கட்டத்திலேயே கொடுங்கள். சாட்சி வாக்குமூல நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மதிப்பீட்டுக்குப் பின் வரும் ஆணையை எதிர்த்து 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பெரியவர்களைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கே வழக்கு போனாலும், தூக்குத் தண்டனையோ விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ தர முடியாது.

கேள்வி: செய்தித்தாளில் பெயர் வந்துவிடுமோ?

பதில்: பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே வழக்கு விவரத்தைப் போடாதீர்கள்.