கரையோரக் கணினி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் யூடியூப் வருமானத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கேள்விகள். சரி, இந்த மாதம் வைரஸ், பிரிண்டர், பாஸ்வேர்டு மறதி எல்லாம் ஓரமாக நிற்கட்டும், காசைப் பற்றியே பேசிவிடுவோம்.

பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன். நாலு வருடமாகக் கடலில் எடுக்கிற வீடியோக்களை யூடியூபில் போடுகிறேன். முதலில் கை நிறைய வந்தது. இப்போது அதே உழைப்புக்குப் பாதிகூட வருவதில்லை. பார்க்கிறவர்களிடம் நேரடியாகக் காசு கேட்கலாமா அண்ணே? கேவலமாக நினைக்க மாட்டார்களா?

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. ஆனால் வருமானம் ஏன் குறைந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. புதுப் படகு இறக்கும்போது ஒரு வியாபாரி வந்து முன்பணம் கொடுப்பார், வலைக்கும் எஞ்சினுக்கும் அவரே பொறுப்பு, ஆரம்பத்தில் மீனுக்கும் நல்ல விலை, இவரைப் போல மனிதர் உண்டா என்று இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பிடிக்கிற மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை, வெளியே ஏலத்தில் கூடப் போனாலும் நமக்கு வராது. பெரிய இணையத் தளங்கள் நடப்பதும் இதே வழியில்தான். முதலில் பார்க்க வருகிறவர்களைச் சீராட்டும், கூட்டம் சேர்ந்ததும் விளம்பரம் கொடுக்கிறவர்களைச் சீராட்டும், இரண்டு பேரும் வேறு போக்கிடம் இல்லாமல் ஆன பிறகு இரண்டு பேரிடமும் கறக்கும். கனடாவில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோவ் இந்தச் சீரழிவுக்கு 2022இல் ஒரு சொல்லே உண்டாக்கினார். அதை இந்தப் பத்திரிகையில் அச்சேற்ற ஆசிரியர் விடமாட்டார், மலம் சம்பந்தப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். நீளமான வீடியோவில் ஓடும் விளம்பரக் காசில் உங்களுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோவில் 45 சதவீதம். 2018இல் ஆயிரம் சந்தாதாரர், வருடத்துக்கு 4,000 மணி நேரப் பார்வை என்று விதி கொண்டுவந்தபோது எத்தனையோ சின்ன சேனல்களுக்கு ஒரே நாளில் வருமானம் நின்றது. சேனலுக்குள்ளேயே உறுப்பினர் சேர்க்கிற வசதி இருக்கிறது, 2023இலிருந்து 500 சந்தாதாரரும் ஓரளவு பார்வையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே ஒருவர் 100 ரூபாய் கொடுத்தால் 30 ரூபாய் யூடியூபுக்குப் போகிறது. வீடியோவின் மூலையில் உங்கள் க்யூஆர் கோடை வைத்து யூபிஐயில் வாங்கினால் 100 ரூபாயும் உங்களுக்கு. (இது வருமானம்தான், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.)

கேவலம் என்கிறீர்களே, நம் பக்கத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்ததில்லையா? ஆர்மோனியக்காரர் கொஞ்சம் இழுத்துப் பாடினார் என்றால் கூட்டத்திலிருந்து ஒருவர் மேடையேறிச் சட்டையில் ஐம்பது ரூபாயைக் குத்திவிட்டு இறங்குவார், பபூன் அவர் பெயரை மைக்கில் சொல்லுவார். யாரும் அதைப் பிச்சை என்று நினைப்பதில்லை. கேட்கும் விதம் ஒன்றுதான் முக்கியம். "ஆதரவு தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். "கேமராவுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்க வேண்டும், இவ்வளவு ஆகும்" என்று கேளுங்கள், வாங்கியதும் அதைக் காட்டுங்கள். 61 நாள் தடைக்காலத்தில் உங்கள் ஊர் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரு வீடியோ எடுங்கள். அதற்குக் காசு வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆயிரம் பேர் பார்த்தால் கொடுக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல் விட்டு எண்ணக்கூடியவர்களின் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கைத் தடை செய்தார்களே, நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் லட்சக்கணக்கான ரசிகர்களைப் படுத்து எழுவதற்குள் தொலைத்தார்கள்! ஒருவரிடமாவது அந்த ரசிகர்களின் முகவரி இருந்ததா?

கீழக்கரையில் டிசைன், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ், படம் திருத்த கிம்ப், வீடியோ ஓட்ட விஎல்சி எல்லாம் இலவசம் என்றுதான் போட்டுக்கொண்டேன். இப்போது நன்கொடை கேட்கிறார்கள். இலவசம் என்று கொடுத்துவிட்டுக் காசு கேட்பது என்ன நியாயம்?

இந்த "இலவசம்" என்ற சொல்தான் குழப்பம் செய்கிறது பாய். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் இந்த மாதிரி மென்பொருளுக்கான முயற்சியைத் தொடங்கியபோது விலையைப் பற்றிப் பேசவில்லை. மென்பொருளை நாம் விரும்பியபடி ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்கிற உரிமையைப் பேசினார். அதனால்தான் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். செய்கிறவருக்கு வயிறு இருக்கிறது, வாடகை இருக்கிறது, அது கட்டற்றது ஆகிவிடாது.

விஎல்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் ஆரம்பித்த வேலை அது. உள்ளே விளம்பரம் போட்டால் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று வந்தவர்களை அதை நடத்துகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்கள் கடையில் கல்யாண வீடியோ ஓடும்போது நடுவில் ரம்மி விளம்பரம் வராமல் இருப்பது அதனால்தான்.

ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு தெம்பு இருக்காது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்று ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற கட்டற்ற மென்பொருளில் இருந்த பிழை அது. உலகத்தின் பெரும்பகுதி இணையதளங்கள் நம் கடவுச்சொல்லை மறைத்து அனுப்ப அதைத்தான் நம்பியிருந்தன. அந்த மென்பொருளுக்கு வருடம் முழுக்க வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதைப் போட்டுச் சம்பாதித்த கம்பெனிகளின் லாபம் எத்தனை ஆயிரம் கோடி என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். வீடு எரிந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தன.

பத்து வருடம் கழித்தும் அதே கதைதான். எக்ஸ்இசட் என்று கோப்பைச் சுருக்குகிற ஒரு சின்ன மென்பொருள், லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளம் ஓடுகிற ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கும். அதை ஒரே மனிதர் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார், உடம்பும் மனசும் ஓய்ந்துபோன நிலையில். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். அந்த நேரம் பார்த்து உதவி செய்கிறேன் என்று ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது, இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தது, 2024 தொடக்கத்தில் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் உள்நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்ததால் தப்பித்தோம். அரை நொடி! நானாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன்.

இதற்கு நன்கொடை என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் வியாபாரிகளுக்கு மகமை என்று ஒரு பழக்கம் இருந்தது, இன்றும் சில ஊரில் இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துப் பொதுவில் வைப்பார்கள், கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அதில் நடக்கும். விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கி அப்படித்தான் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராஜர் படித்தது அங்கேதான். மகமையை யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. வியாபாரம் நடக்கிறது, அதற்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். நீங்கள் ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைனுக்கு 500 ரூபாய் வாங்கினால் 2 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள், ரம்ஜானுக்கு முன்னால் திறந்து எண்ணுங்கள். கடைக் கணக்கில் அதை மின்சாரச் செலவு பக்கத்தில் எழுதுங்கள், தர்மக் கணக்கில் வேண்டாம்.

நன்றாக நடந்ததும் ஒன்று உண்டு. பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளை வைத்திருந்த கம்பெனி 2002இல் மூடிப் போனது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் கட்டற்றதாக விட்டுவிடுகிறோம் என்று முதலீட்டாளர்கள் சொல்ல, அதை உருவாக்கிய டான் ரோசண்டால் பயன்படுத்துகிறவர்களிடமே கையேந்தினார். ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் அதில் செய்ததுதான்.

தொண்டி. கல்லூரி மாணவி. கட்டற்ற மென்பொருள் செய்கிறவர்களுக்கு மாதம் 100 ரூபாய் கொடுக்க ஆசை. வெளிநாட்டுத் தளங்களில் என் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. வேறு வழி?

கார்டில் மாதாமாதம் தானாகக் கழிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கடுமையான விதி வைத்திருக்கிறது. நம் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பல வெளிநாட்டுத் தளங்கள் அதற்கு ஏற்ப மாறவில்லை. மாதம் 100க்குப் பதில் வருடம் ஒரு முறை மொத்தமாகக் கொடுத்துப் பாருங்கள், வங்கி பிடிக்கிற நாணய மாற்றுக் கட்டணமும் ஒரு தடவையோடு போகும். உள்ளூரிலேயே கொடுக்கலாம் என்றால் கணியம் அறக்கட்டளை இருக்கிறது, 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக் குவித்தவர்கள், மின்னூல்களும் வெளியிடுகிறார்கள்.

காசே வேண்டாம், உழைப்பாகக் கொடுக்கலாம் என்றால் இன்னும் நல்லது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்ததும் பிழை திருத்தியதும் எல்லாம் தன்னார்வலர்கள். எல்லோரும் சேர்ந்து வரைகிற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து தொண்டியைத் தேடுங்கள். மீன் இறங்குதளம், ஐஸ் கம்பெனி, உங்கள் தெருவின் பெயர், இதில் எது விட்டுப் போயிருந்தாலும் குறித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ராமநாதபுரம் ஆசிரியர். ஏழை மாணவியிடமும் மீனவரிடமும் கேட்பானேன்? கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகளும் அரசும் கொடுக்கட்டுமே?

நீங்கள் சொல்வதுதான் சரி சார், கொடுக்கத்தான் வேண்டும். ஜெர்மனி அரசு 2022இல் இதற்கென்றே ஒரு நிதி தொடங்கியது. இங்கே பங்குச்சந்தை வர்த்தகக் கம்பெனியான ஜெரோதா 2024 அக்டோபரில் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது, ஒரு திட்டத்துக்கு 10,000 டாலரிலிருந்து ஒரு லட்சம் டாலர் வரை. அவர்கள் தொழிலே கட்டற்ற மென்பொருள் மேல்தான் நிற்கிறது, மகமையைச் சரியாக எடுத்து வைக்கிறார்கள் என்று சொல்வேன்.

ஆனால் ஒரே பெரிய கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இருக்கிறது. அதை நடத்தும் மொசில்லாவுக்குப் பல வருடங்களாக வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்துதான், தேடுபொறியாக கூகுளை வைத்திருப்பதற்காக. யாருக்குப் போட்டியாக உலாவி செய்கிறார்களோ அவரிடமே சம்பளம். சிக்னல் என்கிற செய்திச் செயலியைப் பாருங்கள், வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018இல் 5 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். 2025 வாக்கில் வருடச் செலவே அவ்வளவு ஆகும் என்று 2023இல் அவர்களே கணக்கை வெளியிட்டு, பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டார்கள். கரைவலையை ஒருவர் மட்டும் இழுக்க முடியாது சார், பெரிய ஆள் கயிற்றின் முன்னால் நிற்கட்டும், பின்னால் நாமும் கை வைக்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சிமடம் மகளிர் குழு. கருவாடு, நண்டு ஊறுகாய் எல்லாம் பேஸ்புக் பக்கம் வழியாக விற்கிறோம். முன்பு போல யாருக்கும் போய்ச் சேரவில்லை. காசு கட்டினால் சேரும் என்கிறது.

கட்டலாம் அக்கா, அடுத்த மாதமும் கேட்கும். இதுவரை வாங்கியவர்களின் பெயர், ஊர், நம்பரை நோட்டில் ஏற்றுங்கள், பேஸ்புக் பக்கத்தில் உள்ள படங்களையெல்லாம் இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். ஆர்குட் 2014இல் மூடியது, கூகுள் பிளஸ் 2019இல் மூடியது. நானும் பட்டவன்தான். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எந்தத் தேதியில் திரும்பியது என்று ஏழு வருடம் ஒரு தளத்தில் எழுதி வந்தேன், மூடப் போகிறோம் என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் விளம்பரக் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. இப்போது யாராவது கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன், பாதி தப்பு.

மண்டபம். ஊருக்கு உபதேசம் சரி, நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

வருவீர்கள் என்று தெரியும். வருடத்துக்கு 1,200 ரூபாய், மூன்று இடத்துக்குப் பிரித்து. போன வருடம் மகள் கல்யாணச் சந்தடியில் கொடுக்கவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு, இந்தப் பதிலை அடிப்பதற்கு முன்னால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அனுப்பினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.