உள்ளிருந்து தள்ளினால் வெடிக்கும், வெளியிலிருந்து அமுக்கினால் மடங்கும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் 30 வருடமாக மோட்டார், பைப் வேலை பார்க்கிறேன். போர் துளையில் மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப், அது நசுங்கிப்போன கதை ஒன்றைப் பற்றிப் போன வாரம் சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

உசிலம்பட்டி விவசாயி: அண்ணே, போர் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. ரிப்பேருக்கு மோட்டாரை மேலே எடுத்தோம்; திரும்ப இறக்கினால் 40 அடியில் தட்டுகிறது. கேமரா விட்டுப் பார்த்தால் கேசிங் நசுங்கிக் கிடக்கிறது. ஆறு கிலோ பிரஷர் தாங்கும் என்று சொல்லித்தான் பைப்பைக் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன் தம்பி. அந்த ஆறு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கான கணக்கு. உள்ளே தண்ணீர் தள்ளும்போது பைப் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அந்த அழுத்தமே அதை வட்டமாக்கிவிடும். வெளியிலிருந்து அமுக்கினால் நேர் எதிர். எங்கே லேசாகச் சப்பையாக இருக்கிறதோ அந்த இடம் மேலும் சப்பையாகும். சப்பையாக ஆக இன்னும் சுலபமாக அமுங்கும். ஒரு அளவைத் தாண்டினால் படக்கென்று மடங்கிவிடும்.

இதில் தடிமன்தான் உயிர். தடிமன் பாதியானால், வெளியழுத்தத்தைத் தாங்கும் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தில் 30ல் ஒரு பங்கு தடிமன் உள்ள பிவிசி பைப், நல்ல வட்டமாக இருந்தால், கணக்குப்படி சுமார் 25 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும். அதுவே 60ல் ஒரு பங்கு என்றால் வெறும் 3 மீட்டர்தான். உங்கள் பைப் நசுங்கியது 40 அடியில், அதாவது 12 மீட்டர் ஆழத்தில்.

நம் பக்கம் பாறைக்கு மேலே உள்ள மண்ணுக்கும் மக்கிய பாறைக்கும் மட்டும்தான் கேசிங் இறக்குகிறோம். மழைக்கு அந்த மண் ஊறி நிற்கும். மோட்டாரைப் போட்டு உள்ளே தண்ணீர் மட்டத்தை இறக்கிவிட்டால், வெளியே இருக்கும் தண்ணீரை எதிர்த்துத் தள்ள உள்ளே ஒன்றும் இருக்காது. களிமண்ணாக இருந்தால் அது உப்பி ஒரு பக்கமாகவே அமுக்கும். அப்புறம் நம் ஊர் வெயில். பிவிசி சூடானால் இளகும்; வெயிலில் அடுக்கிவைத்த பைப்புகளில் அடியில் இருப்பது முட்டை வடிவமாகிவிடும். இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பைப்பின் வாயையும் குறுக்கே இரண்டு திசையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். கடையில் எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள். பைப்பின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு அம்மா: பம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும் டெலிவரி ஹோஸ் துணி மாதிரி மடங்குகிறது. உறிஞ்சும் பக்கத்து சக்‌ஷன் ஹோஸில் மட்டும் சுருள் வைத்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: பம்ப் உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வீதம் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. சுருள் இல்லையென்றால் ஹோஸ் ஒட்டிப்போகும். பாய்லருக்குள் போகும் புகைக்குழாய்கள் ஏன் நசுங்குகின்றன என்று இங்கிலாந்தில் வில்லியம் ஃபேர்பெய்ர்ன் என்ற பொறியாளர் சோதித்து 1858ல் எழுதினார். நீளம் பாதியானால் குழாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்குவதைக் கண்டார். சுருளோ வளையமோ செய்வது அதுதான் அம்மா: நீளக் குழாயைக் குட்டிக் குட்டிக் குழாய்களாக்கிவிடுகிறது.

வாடிப்பட்டி வாசகர்: அடைமழை முழுக்க அசையாமல் நின்ற கிணறு, தூர்வாரத் தண்ணீரை இறைத்த மறுநாள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அது எப்படி?

பதில்: கிணற்றுக்குள் இருந்த தண்ணீர்தான் சுவருக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அதை ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வடியாது. வட்டக் கிணற்றில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் சமமாக அமுக்கும்வரை கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடினால் அந்த நெருக்கம் குலைந்துவிடும். அள்ளிய மண்ணைக் கரையோரத்திலேயே கொட்டுவதும், டிராக்டரை விளிம்பில் நிறுத்துவதும் அதைத்தான் செய்கின்றன. இனிமேல் மழை நின்று மண் வடியட்டும், பிறகு பல நாளாகப் பிரித்து இறையுங்கள். சுவரில் கசிவுத் துளைகள் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு பக்கம் சரிந்த கிணற்றுக்குள் கல்லை எடுக்கவோ மோட்டாரை மீட்கவோ யாரையும் இறக்காதீர்கள். மீதிச் சுவர் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேலூர் கொத்தனார்: கான்கிரீட் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங்குக்கு 10 அடி சவுக்கு முட்டு நன்றாகத் தாங்கியது. அதே பருமனில் 14 அடி வைத்தோம், வில்லாக வளைந்துவிட்டது. மரம் மோசமா?

பதில்: மரத்தின் மேல் குற்றமில்லை. முட்டு நொறுங்கி விழுவதற்கு முன்பே வளைந்து விழுந்துவிடும். ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: உயரம் இரண்டு மடங்கானால் தாங்குவது நாலில் ஒன்று. 10 அடி 14 ஆனதும் பாதிதான் தாங்கும். நடு உயரத்தில் இரண்டு திசையிலும் குறுக்குக் கட்டை கட்டி, அதை அசையாத சுவரிலோ தூணிலோ சேர்த்துப் பிடித்தால் அதே கம்பு நாலு மடங்கு வரை தாங்கும்.

கல்லூரி மாணவர்: டைட்டன் நீர்மூழ்கியும் இப்படித்தான் நசுங்கியதா சார்?

பதில்: ஆமாம். மூழ்கிக் கிடக்கும் டைட்டானிக் கப்பலைப் பார்க்க இறங்கியபோது, 2023 ஜூன் 18 அன்று அதிலிருந்த ஐந்து பேர் இறந்தார்கள். டைட்டானிக் கிடப்பது ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 380 மடங்கு. டைட்டனின் உடல் கார்பன் நார் அடுக்குகளால் ஆனது. நார் இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும். அமுக்கினால் அந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அடுக்குகளுக்கு இடையே பிளவு வளரலாம், வெளியே தெரியாது.

மறுபடியும் உசிலம்பட்டி விவசாயி: அண்ணே, இப்போ என் போரை என்ன செய்வது?

பதில்: ஆறரை இன்ச் போர் என்றால் நம்பிக்கை இருக்கிறது. நசுங்கிய இடத்தில் எவ்வளவு வழி மிச்சம் என்று கேமராவில் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து இன்ச் பைப் நுழையுமானால் பாறை வரைக்கும் உள்ளே இறக்கி, அதற்குள் போகிற மாதிரி நாலு இன்ச் மோட்டார் போடலாம். ஆறரை இன்ச் போரின் மேல்பகுதியில் இருக்கும் ஏழு இன்ச் கேசிங்குக்குப் பதில் ஐந்து இன்ச் என்பதால், அதே தடிமனிலேயே இரண்டரை மடங்குக்கு மேல் வெளியழுத்தம் தாங்கும்.