கேமரா கேள்வி பதில்: அகச்சிவப்பு பிலிம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ரோலை இன்ஃப்ராரெட், ரோலை ரெட்ரோ 80எஸ், இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 என்று மூன்று ரோல் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றும் அகச்சிவப்பு பிலிம்தானா? இவற்றை யார் செய்கிறார்கள்?

பதில்: எஸ்எஃப்எக்ஸ், இல்ஃபோர்டு தானே செய்வது. இங்கிலாந்தில் மாபர்லி ஆலையில் பூசுகிறார்கள். ரோலை கதை வேறு. அது கேமராவால் பிரபலமான பெயர். அந்தப் பெயரைப் பிலிம் பெட்டியில் போட்டு விற்பது ஜெர்மனியின் மாகோ நிறுவனம். உள்ளே இருப்பதோ பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் பக்கத்து மோர்ட்செல் ஊரில் அக்ஃபா-கெவர்ட் தயாரித்த அவிஃபாட் குடும்பத்துப் பிலிம். விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுத்து வரைபடம் போடுவதற்காகச் செய்தது. நெய்தவர் ஒருவர், தைத்தவர் ஒருவர், லேபிள் ஒட்டியவர் இன்னொருவர் என்று துணி வியாபாரத்தில் நடப்பதுதான் இங்கேயும்.

விமானக் கேமராவின் பிலிம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் அகலம். கேமராவின் பற்சக்கரம் பிடித்து இழுக்கும் பல்துளை ஓரத்தில் கிடையாது. அதை 35 மில்லிமீட்டருக்கு அறுத்து, துளை போட்டு, டப்பாவில் சுற்றினால்தான் நம் கைக்கு வரும்.

சரி, மேலிருந்து எடுக்கிற படத்துக்கு ஏன் சிவப்பைத் தாண்டிப் பார்க்கும் பிலிம்? நடுவில் இருக்கும் மங்கல்தான் காரணம். காற்று நீல ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். 400 நானோமீட்டர் ஒளி சிதறுவதில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான் 700 நானோமீட்டர் ஒளி சிதறும். அதனால் நீலத்தை ஃபில்டர் போட்டுத் தடுத்துவிட்டு, சிவப்பையும் அதற்கு அப்பால் கொஞ்சத்தையும் வைத்துப் படம் எடுத்தார்கள். உங்கள் மூன்று ரோலும் ஏறக்குறைய 740, 750 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். இல்ஃபோர்டே எஸ்எஃப்எக்ஸை 'சிவப்பு உணர்வு நீட்டிக்கப்பட்டது' என்றுதான் சொல்கிறது. அகச்சிவப்பின் வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கும் பிலிம்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் வந்தது கோடக்கின் எச்ஐஇ என்ற பிலிம். 900 வரை பார்த்தது. 2007-இல் நிறுத்திவிட்டார்கள். குரோஷியாவின் சாமோபோரில் எஃப்கே ஐஆர் 820 என்ற அகச்சிவப்பு பிலிம் செய்தவர்கள் 2012-இல் கடையைக் கட்டினார்கள். அந்த இடத்தை நிரப்ப யாரும் வரவில்லை.

எச்ஐஇ என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. முழு இருட்டில் மட்டும் திறக்கவும் என்று பெட்டியில் போட்டிருந்தது. டப்பாவைப் பகல் வெளிச்சத்தில் திறந்துவிட்டு, அப்புறம்தான் பெட்டியைப் படித்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி வழியாக வெளிச்சம் உள்ளே ஓடி, முதல் ஏழெட்டுப் படங்கள் கன்னங்கரேலென்று போயின. பாலியஸ்டர் பிலிம் ஒளியைக் குழாய் மாதிரிக் கடத்தும். அவிஃபாட் வகைக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு, நிழலில் நின்று மாட்டுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் கேமராவுக்கு வாங்கிய 850 நானோமீட்டர் ஃபில்டரைப் போட்டு ஒரு ரோல் எடுத்தேன். கழுவி வந்தால் கண்ணாடி மாதிரி வெற்றாக இருக்கிறது. கழுவியவரோடு சண்டையே போட்டுவிட்டேன்.

பதில்: போய் மன்னிப்புக் கேளுங்கள். அதற்கு முன் பிலிமின் நுனியைப் பாருங்கள். மாட்டும்போது வெளிச்சம் பட்ட அந்த இரண்டு அங்குலம் நல்ல கறுப்பாக இருந்தால் கழுவியதில் தப்பில்லை. உங்கள் ஃபில்டர் 850-க்குக் கீழே எதையும் விடாது, பிலிம் 750-க்கு மேலே எதையும் பார்க்காது. இரண்டும் சந்திக்கவே இல்லை! 720 ஃபில்டர் போடுங்கள். அதிலும் ஒரு கீற்று ஒளிதான் கிடைக்கும். பெட்டியில் ஐஎஸ்ஓ வேகம் 400 என்று போட்ட பிலிமை 12 என்று கணக்குப் பண்ணி ஆரம்பியுங்கள். முக்காலி இல்லாமல் நடக்காது.

கேள்வி: மரமெல்லாம் ரோஜா நிறத்தில் தெரியும் கலர் பிலிம் இப்போதும் கிடைக்குமா?

பதில்: நீங்கள் கேட்பது கோடக்கின் ஏரோகுரோம். இரண்டாம் உலகப் போரில் எதிரி தளவாடங்களை மூடிய பச்சை மறைப்பு வலையைக் கண்டுபிடிக்கப் பிறந்த வகை. பச்சைச் சாயமும் பச்சை இலையும் கண்ணுக்கு ஒன்று. ஆனால் உயிருள்ள இலை அகச்சிவப்பை அள்ளி வீசும், அன்றைய சாயம் வீசாது. அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் பிலிமில் இலை சிவந்து நிற்கும், வலை மாட்டிக்கொள்ளும். பிறகு காடுகளில் நோய் கண்ட மரத்தைத் தேட அதே பிலிம் பயன்பட்டது. ரிச்சர்ட் மோஸ் என்ற புகைப்படக் கலைஞர் அதை வைத்துக் கிழக்குக் காங்கோவில் போரைப் படமெடுத்து 2013 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் காட்டினார்.

வான்வழி நில அளவை டிஜிட்டலுக்கு மாறியதும் இதற்கும் மூடுவிழா. இன்று விலைக்கு வருவதெல்லாம் உறைய வைத்த பழைய சரக்கு. எப்போதும் ஃப்ரீசரில்தான் இருந்தது என்று ஒருவர் அடித்துச் சொல்ல, நானும் ஒரு ரோல் வாங்கினேன். இலைகள் ரோஜாவும் இல்லை, பச்சையும் இல்லை. துரு பிடித்த தகரம் மாதிரி வந்தன. வெப்பத்தில் முதலில் சாவது அகச்சிவப்பு அடுக்குதான். விற்பவர் அதே சரக்கில் அண்மையில் எடுத்த படத்தைக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

மாற்றாகச் சொல்லப்படும் லோமோகுரோம் பர்ப்பிள் பிலிம் பச்சையை ஊதாவாக மாற்றும், அகச்சிவப்பைப் பார்க்காது. கோடக் ஏரோகலர் 4 விமானப் பிலிம்தான், சான்டாகலர் 100 முதலிய பெயர்களில் வருகிறது. கலர் நெகட்டிவில் வழக்கமாகத் தெரியும் ஆரஞ்சுச் சாயல் இல்லாத சாதாரண கலர் நெகட்டிவ் அது. 'ஏரோ' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: அகச்சிவப்பு பிலிமில் உடம்புச் சூடு தெரியுமா?

பதில்: தெரியாது. அது ஏறக்குறைய 10,000 நானோமீட்டரில் வருவது.

கேள்வி: இலை வெள்ளையாகத் தெரிவதை 'வுட் எஃபெக்ட்' என்கிறார்களே, மரத்தால் வந்த பெயரா?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் பல வருடம் நினைத்தேன். 1910-இல் முதன்முதலாக அகச்சிவப்புப் படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயர் அது. அவர் படங்களில் மரங்கள் வெள்ளை வெளேரென்று நின்றது தற்செயல்.